1960களின் உயர்ந்த கூந்தலை வீட்டிலேயே எழுப்புவது எப்படி: வேரிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

உச்சியில் நான்கு விரற்கடை உயரம் எழுந்து, நெற்றியோரம் மென்மையாகப் பின்னோக்கிச் சரிந்து, பின்னந்தலையில் பெரிய கொண்டையாகவோ தளர்ந்த பின்னலாகவோ முடியும் 1960களின் கூந்தல் அலங்காரம் இப்போது திருமண வரவேற்புகளிலும் பழைய பாணிப் புகைப்படங்களிலும் மீண்டும் விரும்பப்படுகிறது. அதை வீட்டில் முயன்று பார்த்துக் கைவிட்டவர்கள் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். கண்ணாடி முன் நின்றபோது அழகாக இருந்தது, மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அமுங்கிவிட்டது என்பார்கள். ஸ்ப்ரே போதவில்லை என்றோ, தமது முடி மெல்லியது என்றோ அதற்குக் காரணம் தேடுகிறார்கள். நான் பார்த்த வரையில், சீப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய ஒரு வேலை விட்டுப்போனதுதான் காரணம். இந்த அலங்காரத்தின் உயரம் வேரில் உருவாகிறது. முடி ஈரமாக இருக்கும்போது வேர்ப்பகுதியை மேல்நோக்கி நிறுத்தி, அந்த நிலையிலேயே முழுமையாக உலரவிட வேண்டும். சீப்பும் ஊசியும் ஸ்ப்ரேயும் அதற்குப் பிறகு வருபவை. ஆகவே முடியை ரோலர் எனும் உருளைகளில் சுற்றும் கட்டத்துக்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் இதைக் கற்றது என் பெரியம்மாவிடம். 1960களின் பிற்பகுதியில் கல்லூரியில் படித்த அவர், உச்சியில் பஃப் வைத்து, சவுரி சேர்த்துக் கொண்டை போட்டுக்கொள்வதில் கைதேர்ந்தவர். நான்கு கொண்டை ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, கண்ணாடி பார்க்காமலேயே, விரல் நுனியால் பின்னந்தலையைத் தடவி இடம் பார்த்து ஒவ்வொன்றாகச் செருகுவார். அந்த விரல்கள் எதைத் தேடின என்பது எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று. அதை ஊசிகளைப் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

இந்த வடிவம் வந்த வழி

இந்த அலங்காரத்துக்கு வழங்கிய பெயர் பூஃபான். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு உப்பிப் பருத்தது என்று பொருள். 1950களின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய அந்த உப்பலான வட்ட வடிவத்தை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடி. நியூயார்க்கில் அவருக்குச் சிகை அலங்காரம் செய்த கென்னத் பட்டெல், இறுக்கமான சுருள்களைத் தரும் சிறிய ரோலர்களைத் தவிர்த்து, பெரிய ரோலர்களைக் கொண்டு அந்த மென்மையான உப்பலைக் கொண்டுவந்தார். பெரிய ரோலர் என்ற இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உயரத்தை இன்னும் கூட்டிக் கூம்பாக எழுப்பிய தேன்கூட்டுக் கொண்டை, அதாவது பீஹைவ், 1960இல் பிறந்தது. சிகாகோ வட்டாரத்தில் அழகு நிலையம் நடத்திவந்த மார்கரெட் வின்சி ஹெல்ட் என்பவரிடம், புதிதாக ஓர் அலங்காரம் வேண்டும் என்று 'மாடர்ன் பியூட்டி ஷாப்' என்ற தொழில்முறை இதழ் கேட்டது. அவரிடம் துருக்கித் தொப்பியின் வடிவில் ஒரு கருப்பு வெல்வெட் தொப்பி இருந்தது. அதற்குள் பொருந்தும்படியும், அதைக் கழற்றிய பின்னும் குலையாமல் நிற்கும்படியும் அவர் கூந்தலை எழுப்பினார். பி-52 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் மூக்குப் பகுதியை ஒத்திருந்ததால் அந்தப் பெயரும் அந்தக் கொண்டைக்கு வழங்கியது. அதே பத்தாண்டுகளில் தமிழ், இந்தித் திரைப்படக் கதாநாயகிகள் இந்த உயரத்தை எடுத்துக்கொண்டு, அதோடு நமக்கு ஏற்கெனவே பழக்கமான சவுரியையும் பெரிய கொண்டையையும் இணைத்துக்கொண்டார்கள். முன்னால் பஃப், பின்னால் கொண்டை, காதோரம் ஒரு சுருள் என்று நம் நினைவில் நிற்கும் தோற்றம் அப்படி உருவானதுதான்.

முடிக்குள் நடப்பது என்ன

செய்முறைக்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டால், பிறகு வரும் ஒவ்வொரு கட்டளைக்கும் காரணம் தானே விளங்கும். முடி என்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளுக்கு இடையே பல வகைப் பிணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டவுடன் விடுபட்டு, நீர் வெளியேறியதும் மறுபடியும் இணைகின்றன. உலரும் நேரத்தில் முடி எந்த வளைவில் இருக்கிறதோ, அந்த வளைவிலேயே அவை இணைவதால், ரோலரின் வடிவம் முடியில் பதிகிறது. முடி மீண்டும் ஈரத்தை உறிஞ்சும்போது அதே பிணைப்புகள் விடுபட்டு வடிவம் குலைகிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள ஈரப்பதமே இந்த அலங்காரத்துக்கு முதல் எதிரியாக இருப்பதற்கு இதுதான் காரணம். வெப்பத்தால் வளைக்கும்போதும் இதே கதைதான்: சூடாக இருக்கும்போது நெகிழ்ந்து, ஆறும்போது இறுகும். ஆகையால் சூடாகவோ சற்றே ஈரமாகவோ இருக்கும் முடியிலிருந்து ரோலரைக் கழற்றினால், அதுவரை செய்த வேலை வீணாகிவிடும்.

முடியின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதுபோல, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. நுனியிலிருந்து வேரை நோக்கிச் சீவும் பேக் கோம்பிங், அந்த ஓடுகளை எதிர்த்திசையில் தூக்கிவிடுகிறது. தூக்கப்பட்ட செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் உச்சியில் ஒரு மெத்தை உருவாகிறது. அந்த மெத்தை நமக்குத் தேவைதான், ஆனால் தேவைக்கு மேல் சீவினால் ஓடுகள் உடையும். ரோலர் வேலை எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அந்த அளவுக்குச் சீப்பு வேலை குறையும்.

தேவையானவை

நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோலர்கள் ஆறு, மூன்று சென்டிமீட்டர் ரோலர்கள் ஆறு முதல் எட்டு, அவற்றைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகள், நெருக்கமான பல்லும் கூரிய வாலும் கொண்ட வால் சீப்பு, அகன்ற பல் சீப்பு, மிருதுவான நார்களுள்ள தட்டைப் பிரஷ், சைடு பின்கள் இருபது, கொண்டை ஊசிகள் பத்து, தலைமுடி வலை ஒன்று, ஹேர் ஸ்ப்ரே. இவை போதும். நீளமான முடியுள்ளவர்கள் ஒட்டும் பரப்புடைய வெல்க்ரோ ரோலர்களை வாங்க வேண்டாம். ஈர முடியில் அவை சிக்கிக்கொண்டால் எடுப்பதற்குள் பாதி முடி அறுந்துவிடும். துளைகள் உள்ள வழவழப்பான பிளாஸ்டிக் ரோலர்களே இந்த வேலைக்குப் பொருத்தமானவை, ஏனெனில் துளை வழியாகக் காற்றுப் போய் உள்முடியும் உலரும்.

முடிக்குப் பிடிப்புத் தர, கடையில் கிடைக்கும் மூஸ் அல்லது செட்டிங் லோஷன் பயன்படுத்தலாம். அது கிடைக்காவிட்டால் ஆளிவிதை ஜெல் நன்றாகவே வேலை செய்யும். கால் கோப்பை ஆளிவிதையை இரண்டு கோப்பைத் தண்ணீரில் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கருவைப் போல நூலாக வடியும் பதம் வந்ததும் இறக்கி, சூடு ஆறுவதற்குள் மெல்லிய துணியில் வடிகட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் விதையோடு ஒட்டிக்கொண்டு வடிய மறுக்கும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைத்திருக்கலாம். சிலர் சொல்லும் சர்க்கரைத் தண்ணீர் முறையை நம் வெயிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வியர்வை பட்டால் அது பிசுபிசுத்துக் கழுத்தில் வழியும்.

முந்தைய நாள்

எண்ணெய் தேய்த்துக் குளித்த மறுநாள் இந்த அலங்காரத்தைச் செய்யக் கூடாது. எண்ணெய்ப் பூச்சு இருக்கும் முடி ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் ரோலர் நழுவும், ஊசி நிற்காது. குறைந்தது இரண்டு முறை தலைக்குக் குளித்த இடைவெளியாவது இருக்கட்டும். சீயக்காய் போட்டுக் கழுவிய முடி இதற்கு மிகவும் ஏற்றது. அதில் ஏற்படும் சிறு சொரசொரப்பு, ஷாம்புவும் கண்டிஷனரும் போட்டு வழவழப்பாக்கிய முடியில் கிடைக்காது. ஷாம்பு மட்டுமே வழக்கம் என்றால், கண்டிஷனரைக் கழுத்துக்குக் கீழே தொங்கும் நுனிப்பகுதிக்கு மட்டும் போட்டு, வேர்ப்பக்கம் தொடாமல் விட்டுவிடுங்கள்.

குளித்த பிறகு துண்டில் ஒற்றி, சொட்டு நின்று, தொட்டால் குளிர்ச்சியாக மட்டும் இருக்கும் அளவுக்கு உலரவிடுங்கள். சொட்டச் சொட்ட ரோலர் சுற்றினால் மறுநாள் காலையிலும் உட்புறம் ஈரமாகவே இருக்கும். அடர்த்தியான முடியைப் பாதிக்கு மேல் உலர்த்திய பிறகு சுற்றுவதே நல்லது. இந்த நிலையில் ஜெல்லையோ மூஸையோ உள்ளங்கையில் எடுத்து, உச்சி, நெற்றியோரம், காதுக்கு மேல் என்று வேர்ப்பகுதியில் விரல்களால் பரப்பி, அகன்ற பல் சீப்பால் ஒரே சீராகச் சீவிவிடுங்கள்.

ரோலர் சுற்றுதல்: உயரம் இங்கேதான் கிடைக்கிறது

தலையின் நடுவில், இரு புருவங்களின் வளைவுக்கு நேராக, நெற்றியிலிருந்து பின்னுச்சி வரை செல்லும் ஒரு பட்டையை வால் சீப்பின் நுனியால் வகிடு எடுத்துப் பிரியுங்கள். பெரிய ரோலர்கள் ஆறும் இந்த நடுப்பட்டைக்கு. மற்றவை காதோரங்களுக்கும் பின்னந்தலைக்கும்.

முதல் ரோலர் நெற்றியில். ரோலரின் நீளத்துக்கும் அதன் விட்டத்துக்கும் சமமான அளவுக்கு ஒரு பட்டை முடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தடிமனாக எடுத்தால் ரோலர் தன் வேரின்மேல் உட்காராது. எடுத்த முடியை நேராகத் தூக்கினால் அது தலைக்கு 90 பாகையில் நிற்கும். அங்கேயே நிறுத்திவிடாமல், முகத்தின் பக்கமாக இன்னும் சாய்த்து, ஏறத்தாழ 135 பாகைக்குக் கொண்டுவந்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து, நுனியிலிருந்து பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ரோலர் வந்து உட்காரும்போது, தான் சுற்றிய முடியின் வேர்களுக்கு நேர் மேலே அமர்ந்திருக்க வேண்டும். விரலை ரோலருக்கு அடியில் விட்டுப் பார்த்தால், வேர்கள் முதலில் முன்பக்கம் எழும்பி, பிறகு பின்னால் வளைவது தெரியும். அந்தச் சிறு எழுச்சிதான் நாளை நான்கு விரற்கடை உயரமாகப் போகிறது. முடியைப் பின்பக்கம் சாய்த்துச் சுற்றினால் ரோலர் வேருக்குப் பின்னால் போய்த் தொங்கும். சுருள் கிடைக்கும், உயரம் கிடைக்காது. வீட்டில் செய்பவர்கள் மிக அதிகமாகத் தவறவிடும் இடம் இதுவே என்பதால், முதல் ரோலரை இரண்டு மூன்று முறை அவிழ்த்துச் சுற்றிப் பார்த்துக் கைக்குப் பழக்கிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

நுனி முடிகள் மடங்கிக்கொண்டால் அந்த மடிப்பு அப்படியே பதிந்து, பிறகு தூண்டில் முள்போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நுனியில் மடித்துப் பிடித்து, அதோடு சேர்த்துச் சுற்றினால் இந்தத் தொல்லை வராது. நடுப்பட்டையில் உள்ள ஆறு ரோலர்களும் ஒரே திசையில், ஒன்றையொன்று ஒட்டி, இடைவெளி இல்லாமல் அமரட்டும். காதோரங்களில் மூன்று சென்டிமீட்டர் ரோலர்களை 90 பாகையில் பிடித்துக் கீழ்நோக்கிச் சுற்றினால் போதும். அங்கே உயரம் வேண்டியதில்லை, வட்டம் வந்தால் போதுமானது. பிடரிப் பக்கம் இன்னும் தளர்வாக இருக்கலாம்.

இடுப்பு வரை முடியுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. முழு நீளத்தையும் ரோலரில் சுற்ற முயல வேண்டாம். சுற்றின்மேல் சுற்று ஏறி ரோலர் தேங்காய் அளவுக்குப் பருத்துவிடும், உள்ளே உலரவும் உலராது. உச்சிப் பட்டையின் முடியில் வேரிலிருந்து ஒரு முழம் நீளத்தை மட்டும் ரோலரில் சுற்றி, மீதியைத் தளர்வாகப் பின்னித் தொங்கவிடலாம். நுனியிலிருந்து சுற்றுவதற்குப் பதிலாக, வேரிலிருந்து ஒரு முழம் தள்ளி ரோலரை வைத்து, அங்கிருந்து தலையை நோக்கிச் சுற்றி வர வேண்டும். கொண்டைக்குள் மறையப்போகும் நீளத்துக்குச் சுருள் எதற்கு?

இனி உலர்த்துதல். தலைமுடி வலையைப் போட்டு மூடி, மின்விசிறிக் காற்றில் இயல்பாக உலரவிட்டால் அடர்த்தியைப் பொறுத்து ஐந்து முதல் எட்டு மணி நேரம் ஆகும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். ஆனால் அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். உலர்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தால் சரியாகத் தெரியாது. ஒரு ரோலரை அவிழ்த்து, உள்சுற்று முடியை மேலுதட்டின்மேல் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடியும் சுற்றிவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சித்தி மகளின் திருமண வரவேற்புக்கு அவளுக்கு நானே தலை அலங்காரம் செய்வதாக ஏற்றுக்கொண்டு, நேரம் நெருங்கிவிட்டதே என்று இரண்டு மணி நேரத்தில் ரோலர்களைக் கழற்றிவிட்டேன். மேல்முடி காய்ந்திருந்தது, பின்னுச்சியில் மட்டும் லேசான குளிர்ச்சி இருந்தது. வீட்டில் எடுத்த படங்களில் அந்த உயரம் அப்படியே இருக்கிறது. மேடையில் எடுத்த படங்களில் பின்பாதி முழுவதும் அமுங்கி, முன்பக்கம் மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. இப்போது நேரம் குறைவாக இருந்தால் முந்தைய இரவே சுற்றிவிடச் சொல்கிறேன்.

பேக் கோம்பிங்: அளவாக

ரோலர்களைப் பிடரியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கழற்றுங்கள். இழுக்காமல், சுற்றிய திசைக்கு எதிராகச் சுழற்றி எடுக்க வேண்டும். கழற்றிய உடனே சீவாமல் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு தட்டைப் பிரஷால் மெதுவாகச் சீவினால், தனித்தனிச் சுருள்கள் கலந்து ஒரே அலையாக இணையும். பலர் சுருள் போய்விடும் என்று பயந்து இந்தச் சீவலைத் தவிர்க்கிறார்கள். சீவாவிட்டால் ரோலர்கள் இருந்த இடமெல்லாம் கோடுகளாகத் தெரியும்.

நெற்றிக்கு மேல் இரண்டு விரற்கடை அகலமுள்ள முன்பட்டையைத் தனியே பிரித்து, முகத்தின்மேல் தொங்கவிட்டுக் கிளிப் போடுங்கள். அதற்கு இப்போது வேலை இல்லை. மற்ற எல்லாவற்றையும் மூடப்போகும் போர்வை அதுதான்.

முன்பட்டைக்கு அடுத்துள்ள பகுதியில், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத, சீப்பின் அகலத்துக்கு உட்பட்ட ஒரு கற்றையை எடுத்து, நேராக மேலே இழுத்து இறுகப் பிடியுங்கள். வேரிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் சீப்பைக் குத்தி, கீழ்நோக்கி வேர் வரை ஒரே வீச்சில் தள்ளுங்கள். சீப்பை முழுவதுமாக வெளியே எடுத்து, மறுபடியும் மேலிருந்து தள்ளுங்கள். ரம்பம் அறுப்பதுபோல மேலும் கீழும் இழுத்தால் சிக்குதான் விழும், மெத்தை உருவாகாது. மூன்று நான்கு வீச்சுகளில் வேருக்கு அருகே பஞ்சுபோல ஒரு திரள் சேரும். கற்றையைக் கைவிட்டாலும் அது சாயாமல் நின்றால் போதும், அதற்கு மேல் ஒரு வீச்சும் வேண்டாம். அந்த மெத்தையில் மட்டும் ஸ்ப்ரேயை ஒருமுறை அடித்து, அடுத்த கற்றைக்குப் போகலாம். உச்சியில் நான்கு அல்லது ஐந்து கற்றைகள், காதுக்கு மேல் பக்கத்துக்கு ஒன்று. சராசரி அடர்த்தியுள்ள தலைக்கு இதுவே நிறைவாகும்.

வடிவம் கொடுத்தல்

எழுந்து நிற்கும் கற்றைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சாயவிட்டு, கடைசியில் முன்பட்டையைக் கிளிப்பிலிருந்து விடுவித்து அவற்றின்மேல் போர்த்துங்கள். மிருதுவான பிரஷைப் பென்சிலைப் பிடிப்பதுபோல லேசாகப் பிடித்து, மேல்பரப்பை மட்டும் வருடிக்கொண்டு போக வேண்டும். நார்கள் உள்ளே இறங்கினால் மெத்தை கலைந்துவிடும். எங்காவது பள்ளம் தெரிந்தால், வால் சீப்பின் கூர்நுனியை அடியில் விட்டு, தோலைத் தொடாமல் மெல்ல நெம்பி உயர்த்துங்கள். நேராக முகத்தைப் பார்த்துக்கொண்டே சரிசெய்யாமல், கையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உயரத்தின் உச்சிப்புள்ளி நெற்றிக்கு மேலே அமையாமல், காதுகளுக்கு நேர் மேலே அல்லது அதற்குச் சற்றே பின்னால் அமைந்தால் முகம் நீண்டு அழகாகத் தெரியும். முன்னாலேயே உயர்ந்துவிட்டால் தலை முன்பக்கம் சாய்ந்ததுபோல ஒரு தோற்றம் வரும்.

தேன்கூட்டுக் கொண்டைக்கு இந்த உயரம் போதாது. உள்ளே ஓர் அணை வேண்டும். மெல்லிய சவுரியைச் சுருட்டி முடி வலைக்குள் போட்டுச் சிறு தலையணையாக்கி, பின்னுச்சியில் மெத்தைக்கு மேல் வைத்து, சுற்றிலும் பின் போட்டு நிறுத்தி, அதன்மேல் முன்முடியைப் போர்த்த வேண்டும். உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்துச் சவுரி செய்துகொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. தன் முடியின் நிறத்தோடு அது முழுமையாகப் பொருந்தியதால், எங்காவது விலகினாலும் வெளியே தெரியவில்லை. நுரைப் பஞ்சு வளையத்தைப் பயன்படுத்துபவர்கள் கருப்பு நிறத்தையே வாங்குங்கள்.

ஊசிகள்

பெரியம்மாவின் விரல்கள் தேடியது மெத்தை முடிந்து தலை தொடங்கும் அந்த ஓரத்தைத்தான். உப்பலின் நடுவில் ஊசி செருகினால் அது உப்பலை அமுக்கும். உப்பல் இறங்கி மண்டையைத் தொடும் கோட்டில் செருகினால் அது தாங்கி நிறுத்தும். நீண்ட முடியுள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பஃப் இறங்கும் கோட்டில், பின்னுச்சிக்குக் கீழே, சைடு பின்களை ஒன்றின்மேல் ஒன்று பெருக்கல் குறியாக வரும்படி இரண்டிரண்டாக நான்கு இடங்களில் போட்டுவிட்டால், கீழே தொங்கும் பின்னலின் பாரமோ கொண்டையின் பாரமோ அந்த ஊசிகளில் தங்கிவிடும், பஃப்பை இழுக்காது. சைடு பின்னின் நெளிந்த காலைத் தலைப்பக்கம் வைக்க வேண்டும். நேரான கால் மேலே இருந்தால்தான் முடியைப் பிடித்துக்கொள்ளும்.

கொண்டை ஊசிக்கு வேறு முறை. முடி செல்லும் திசைக்கு எதிராக, நுனியைத் தலைக்குச் செங்குத்தாகப் பிடித்து, கொண்டையின் ஓரத்திலிருந்து ஒரு சிறு கற்றையைக் கோத்துக்கொள்ளுங்கள். நுனி அடிமுடியைத் தொட்டதும் ஊசியை அப்படியே திருப்பிப் படுக்கவைத்து, கொண்டையின் மையத்தை நோக்கி உள்ளே தள்ளுங்கள். சரியாகக் கோத்த ஊசி வலிக்காது, தலையை ஆட்டினாலும் அசையாது. வலித்தால் எடுத்துவிட்டு மறுபடியும் போடுங்கள். நான்கு மணி நேரம் வலியோடு உட்கார்ந்திருப்பதற்கு எந்த அலங்காரமும் ஈடாகாது. போட்ட ஊசிகளின் எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இரவில் உதவும்.

பூ வைப்பதாக இருந்தால் மல்லிகைச் சரத்தில் தெளித்த தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்த பிறகு, கொண்டையின் அடிவளையத்தில் மட்டும் சுற்றுங்கள். ஈரப் பூவை உச்சிக்கு அருகில் வைத்தால், மேலே சொன்ன ஹைட்ரஜன் பிணைப்புகள் அங்கிருந்தே அவிழத் தொடங்கும்.

ஸ்ப்ரே

ஸ்ப்ரே என்பது முடியின்மேல் படியும் மெல்லிய படலம். தொடக்கக் கால ஸ்ப்ரேக்களில் நம் நாட்டில் விளையும் அரக்கைக் கரைத்துப் பயன்படுத்தினார்கள். அதனால் கழுவிப் போக்குவது கடினமாக இருந்தது. இப்போதைய ஸ்ப்ரேக்கள் நீரில் எளிதில் போய்விடும் பாலிமர்களால் ஆனவை. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்தி, ஒரு சுற்று அடித்து, அது காய்ந்த பிறகு இன்னொரு சுற்று அடியுங்கள். அருகில் பிடித்து ஒரேயடியாக அடித்தால் ஈரத்தின் பாரத்தாலேயே உச்சி இறங்கும். நெற்றியோரக் குட்டி முடிகளுக்கு, பயன்படுத்தாத பல் துலக்கும் பிரஷில் ஸ்ப்ரேயை அடித்து வருடினால் போதும்.

இதில் ஓர் எச்சரிக்கையைக் கவனமாகப் படியுங்கள். ஸ்ப்ரேயை வெளியே தள்ளும் வாயு பெரும்பாலும் சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்தது, கரைப்பானாக ஆல்கஹாலும் இருக்கிறது. இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. எரியும் அடுப்பு, பூஜையறை விளக்கு, ஊதுவத்தி இருக்கும் இடத்தில் அடிக்கக் கூடாது. முழுவதும் காய்வதற்கு முன் குத்துவிளக்கு ஏற்றக் குனியக் கூடாது. சன்னலைத் திறந்துவைத்து, முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு அடியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஸ்ப்ரேயைத் தவிர்த்து, ஜெல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

யாருக்கு வேண்டாம்

பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டும் மாதங்களிலும், தலையில் புண், பொடுகு வெடிப்பு இருக்கும்போதும், ரசாயனம் போட்டு நேராக்கிய முடியிலும் பேக் கோம்பிங்கைத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் ரோலர் வரை செய்து, அதில் கிடைக்கும் உயரத்தோடு அலங்கரித்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் அப்படியே. நெற்றியோர முடியை இறுக இழுத்துக் கட்டும் பழக்கம் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி வளர்வதே குறைந்துவிடும். ஆகவே முன்பட்டையைப் போர்த்தும்போது ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும்.

இரவில் பிரித்தெடுத்தல்

1960களின் அமெரிக்கப் பெண்கள் பலர் வாரத்துக்கு ஒருமுறை அழகு நிலையத்தில் செட் செய்துகொண்டு, இரவில் வழுவழுப்பான துணியைச் சுற்றித் தூங்கி, அடுத்த வாரம் வரை அதைக் காப்பாற்றினார்கள். கழுவாத தேன்கூட்டுக் கொண்டைக்குள் சிலந்தி கூடு கட்டியது என்ற வதந்தி அங்கே பரவியதற்கு இந்தப் பழக்கமே இடம் கொடுத்தது. வியர்க்கும் நம் ஊரில் ஒரே நாளில் பிரித்துவிடுவதே சரி. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அப்படியே படுத்துவிடாதீர்கள்.

முதலில் ஊசிகளைத் தாளிலுள்ள கணக்குப்படி எண்ணி எடுங்கள். ஓர் ஊசி உள்ளே தங்கினால் சீப்பு அதில் மாட்டி முடியைப் பிய்க்கும். பிறகு உடனே தண்ணீர் ஊற்றத் தோன்றும், அதைச் செய்யக் கூடாது. நீர் பட்டால் முடி உப்பி, தூக்கி நிற்கும் செதில்கள் இன்னும் இறுகப் பின்னிக்கொள்ளும். உலர்ந்த முடியிலேயே தேங்காய் எண்ணெயை இரண்டு கைகளிலும் தேய்த்து, மெத்தை இருக்கும் இடங்களில் அழுத்தி ஊறவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து, பிடரியில் ஒரு சிறு கற்றையைப் பிரித்து, அதன் வேரை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, நுனியிலிருந்து இரண்டு விரற்கடை மட்டும் அகன்ற பல் சீப்பால் சீவுங்கள். அது விட்டதும் இன்னும் இரண்டு விரற்கடை மேலே செல்லுங்கள். இப்படியே வேர் வரை போய், அதன் பிறகே அடுத்த கற்றை. முடிச்சாக இறுகியிருக்கும் இடத்தில் சீப்பை விட்டுவிட்டு விரல்களால் பக்கவாட்டில் பிரித்தால் நெகிழ்ந்துவிடும். அரை மணி நேரம் ஆகலாம். உச்சிக்கு வரும்போது கை களைத்திருக்கும், அங்கேதான் மெத்தை அடர்த்தியாக இருக்கும் என்பதால், முடிந்தால் வேறொருவரைப் பின்னால் உட்கார்ந்து பிரித்துவிடச் சொல்லுங்கள்.

சிக்கு முழுவதும் விட்ட பிறகு சீயக்காயோ மென்மையான ஷாம்புவோ போட்டு அலசி, கண்டிஷனர் போட்டு, இயல்பாக உலரவிட்டுத் தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்குப் பேக் கோம்பிங் வேண்டாம். அதற்குள் வேறொரு விழா வந்துவிட்டால் ரோலர் மட்டும் சுற்றி, முன்பட்டையைப் பின்னோக்கிப் போர்த்தி, அந்த உயரத்தோடு பூ வைத்துக்கொண்டு போகலாம்.